பழைய வாளும் புதிய விறகும்

சென்ற ஒக்டோபர் மாதத்திலே, கனடா தேசத்தின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள எமது தங்கையின் இல்லத்தில் மூன்று வாரம் தங்கியிருக்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. பட்டினம் என்று சொல்ல முடியாத, காடென்றும் சொல்ல முடியாத ஓர் ஊர். மேப்பிள் மரங்கள் செம்மையும் பொன்மையும் பூண்டு நின்ற காலம். அந்த அழகைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. ஆகையால் அதனை விடுத்து, அங்கே ஒரு கராஜின் மூலையிலிருந்து வெளிவந்த பழைய பொருளொன்றைப் பற்றி இவ்வாரம் எழுதப் புகுகின்றோம்.

அயல் வீட்டிலே எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தனியே வாழ்கின்றார். வருகின்ற வசந்த காலத்தில் வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போய்ச் சேர்வதாக உத்தேசம். அவருடைய கராஜைத் துப்புரவு செய்ய எமது மருமகன் உதவிக்குப் போனான். பதினேழு வயதுப் பிள்ளை. மாலையில் திரும்பி வந்தபோது அவன் கையிலே மசகும் தூசியும் படிந்த ஒரு சிறிய சங்கிலி வாள் இருந்தது. மூதாட்டியின் காலஞ்சென்ற கணவர் உபயோகித்தது. "ஓடினால் உனக்கு, ஓடாவிட்டால் குப்பைக்கு" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

"மாமா, இது இனி வேலை செய்யுமோ?" என்றான் பிள்ளை.

எமது மைத்துனர் கதிரையில் இருந்தபடியே, "அதைக் குப்பையிலே போடு, தம்பி. கடையிலே புதிது கிடைக்கிறது. கை கால் போனால் கடையிலே கிடைக்காது" என்றார். அவர் சொன்னதில் பாதி தவறு, பாதி முற்றிலும் சரி. எந்தப் பாதி எது என்பதை அறிய எமக்கு ஒரு வாரம் சென்றது.

அந்த வீட்டிலே வாளுக்கு வேலை இருந்தது. பின்வளவில் நின்ற ஆஷ் மரம் பட்டுப்போய்விட்டது. 2002 ஆம் ஆண்டிலே டிற்றோயிற், வின்ட்சர் நகரங்களின் அருகே முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு, ஆசியாவிலிருந்து சரக்குப் பெட்டிகளின் பலகையிலே ஒளித்து வந்ததென்று கருதப்படுவது, வட அமெரிக்காவின் ஆஷ் மரங்களைக் கோடிக் கணக்கில் அழித்துவிட்டது. வண்டைவிட அதன் புழுவே கொடியது. பட்டைக்குக் கீழே வளைந்து வளைந்து துளைத்து, மரம் நீர் உறிஞ்சும் வழியை அடைத்துவிடும். பட்ட ஆஷ் மரம் சொல்லாமல் முறியும். அதனை வீழ்த்துவது பழகியவர்களுக்கும் ஆபத்தான தொழில். எனவே தொழிலாளர்களை அழைத்து மரத்தை வீழ்த்துவித்திருந்தார்கள். கிளைகள் மாத்திரம் குவியலாகக் கிடந்தன. ஆஷ் நல்ல விறகு. அதனை அடுப்பளவாகத் துண்டு போடுவதே எஞ்சிய வேலை.

சங்கிலி வாளின் பூர்வ கதை விசித்திரமானது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே ஸ்கொத்லாந்து வைத்தியர்களான ஜோன் எய்ற்கன், ஜேம்ஸ் ஜெவ்றி ஆகிய இருவரும் எலும்பை அறுப்பதற்காகப் பற்கள் கொண்ட மெல்லிய சங்கிலியைச் செய்தார்கள். அஃது இரு கைகளாலும் இழுக்கப்பட்டது. மரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மரம் அறுக்கும் யந்திரத்தைத் தொழில்முறையில் ஆக்கியவர்களுள் முதல்வரிசையில் நிற்பவர் ஜேர்மனியைச் சேர்ந்த அந்திரேயாஸ் ஸ்டீல். 1926 இல் அவர் செய்த மின்சார வாளின் நிறை 64 கிலோ. தூக்க இருவர் வேண்டும். 1929 இல் பெற்றோலில் ஓடும் வாள் வந்தது. அதுவும் இருவர் தூக்குவதே. காட்டிலே வேலை செய்பவர்களுக்கு அது பயன்பட்டிருக்கலாம். வீட்டுக்காரனுக்கு அதனால் ஆவது யாதுமில்லை.

ஆனால், நிறையைக் காட்டிலும் பெரிய தொல்லை சங்கிலியிலேதான் இருந்தது. கைவாளின் பற்களையே சங்கிலியிற் பொருத்தியிருந்தபடியால், அவை மரத்தைச் சுரண்டினவேயன்றிச் சீவவில்லை. ஓயாது அரம் போட வேண்டியிருந்தது. 1946 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே, அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் ஜோசப் கொக்ஸ் என்னும் மரவெட்டி விறகு கொத்திக்கொண்டிருந்தார். ஓர் அடிமரத்திலே சுட்டுவிரல் அளவுள்ள புழுவொன்று மரத்தைத் தின்பதைக் கண்டு நின்றுவிட்டார். அந்தப் புழு நாரின் போக்கிலும் செல்கிறது, நாரைக் குறுக்கேயும் அறுக்கிறது. இரண்டும் அதற்கு ஒன்றுதான். உற்று நோக்கியபோது, அதன் இரு தாடைகளும் எதிரெதிராக வளைந்து, ஒன்று இடப்புறமும் ஒன்று வலப்புறமும் சீவிச் செல்வது தெரிந்தது. அந்தத் தாடையை உருக்கிலே செய்து சங்கிலியில் மாறி மாறிப் பொருத்தினார் கொக்ஸ். 1947 இல் போட்லன்ட் நகரிலே தம் வீட்டின் நிலவறையில் அச்சங்கிலியைச் செய்து விற்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலி வாள்களின் பல் பெரும்பாலும் அந்தப் புழுவின் தாடையே. ஒரு புழு கொன்ற மரத்தை மற்றொரு புழு கற்பித்த பல்லால் அறுக்கப் போகின்றோம் என்று மருமகனிடம் சொன்னோம். அவன் அந்தப் புழுவின் படத்தைத் தன் தொலைபேசியிலே தேடிப் பார்த்துத் தாய்க்கும் காட்டினான். எமது தங்கை அன்று சோறு உண்ணவில்லை.

கொக்ஸின் சங்கிலியும், எப்புறம் திருப்பினாலும் பெற்றோல் தடைப்படாத சவ்வுக் காபரேற்றரும் சேர்ந்தபோதுதான் சிறு வாள் பிறந்தது. பழைய காபரேற்றரிலே மிதவை இருந்தது. யந்திரத்தைச் சரித்தால் மூச்சடைத்துவிடும். மகனீசிய வார்ப்பினால் நிறையும் இறங்கிற்று. 1949 இல் அமெரிக்காவின் மக்கலக் நிறுவனம் 25 இறாத்தல் நிறையுள்ள வாளைப் பெருமையுடன் வெளியிட்டது. (அந்நிறுவனத்தின் முதலாளியே பின்னர் 1968 இல் இலண்டன் மாநகரத்தின் பழைய பாலத்தை விலைக்கு வாங்கிக் கல்லுக் கல்லாகக் கழற்றி அரிசோனாப் பாலைநிலத்திற்குக் கொண்டுபோனவர். மரம் அறுத்த பணம் எங்கெல்லாம் போகிறது பாருங்கள்!) 1963 இல் ஹோம்லைற் நிறுவனத்தார் தகடும் சங்கிலியும் நீங்கலாக ஏறக்குறையப் 12 இறாத்தல் நிறையுள்ள வாளைக் கொண்டுவந்தார்கள். எழுபதுகளிலே அதனிலும் சிறியவை, ஒரு கையால் தூக்கத்தக்கவை, பல நிறுவனங்களிலிருந்தும் இலட்சக் கணக்கில் வெளிவந்தன. எண்ணெய் விலை ஏறி, வீடுகளிலே மீண்டும் விறகடுப்பு மூட்டப்பட்ட காலம் அது. மூதாட்டியின் கணவருடைய வாளும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்ததே.

இத்தகைய வாளொன்று கைக்கு வந்தால் உடனே கயிற்றை இழுத்து இழுத்துக் களைப்பது வீண். முதலிலே கயிற்றின் பிடியைப் பற்றி வாளை அந்தரத்தில் தொங்கவிட வேண்டும். சட்டென்று விழுந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது, ஆசையை விடலாம். தயங்கித் தயங்கி இறங்கினால் சிலிண்டரிலே அமுக்கம் இருக்கிறது. எம்முடையது தயங்கிற்று. அடுத்துப் புகை போகும் மூடியைக் கழற்றி, அத்துவாரத்தின் வழியாகப் பிஸ்ரனைப் பார்க்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கீறல்கள் இருந்தால், எண்ணெயில்லாத பெற்றோலை ஊற்றி யாரோ அதனைக் கொன்றுவிட்டார்கள் என்று பொருள். எமது பிஸ்ரன் வழவழவென்று இருந்தது. அந்த மனிதரை நாம் கண்டதில்லை. ஆயினும் அத்துவாரத்தின் வழியாக அவருடைய குணத்தைக் கண்டுகொண்டோம்.

மூன்றாவது சோதனை, காபரேற்றரின் வாயிலே சில துளி பெற்றோல் விட்டுக் கயிற்றை இழுப்பது. இரண்டு விநாடி உறுமி நின்றால் தீப்பொறி உண்டு, எரிபொருள் வழியிலேதான் குற்றம் என்று தெரியும். எமது வாள் உறுமவும் இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம், பொறி இல்லை. இந்த வயதுடைய வாள்கள் பலவற்றில் பறப்புச் சில்லின் கீழே 'பொயின்ற்' என்னும் சிறு தொடுமுனைகள் இருக்கின்றன. ஆண்டுக் கணக்கிலே சும்மா கிடந்தால் அவற்றின் மேல் மெல்லிய களிம்பு படிந்துவிடும். பறப்புச் சில்லைத் திருகாணியால் நெம்பிக் கழற்றப் புகுவது பெரும் பிழை, மகனீசியம் உடைந்துவிடும். அதற்கென்று உள்ள கருவியை இரவல் வாங்கிக் கழற்றினோம். தொடுமுனைகளை மென்மையாகத் தேய்த்து, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி வைத்தோம். இருட்டிய கராஜிலே நீலப் பொறி தெறித்தபோது மருமகன் துள்ளினான். கணக்குப் பாடத்திலே அவனை நாம் அப்படித் துள்ளக் கண்டதில்லை.

எஞ்சியது எரிபொருள் வழி. பெற்றோல் போகும் றப்பர்க் குழாய் கையிலெடுத்ததும் பிட்டுப்போல உதிர்ந்தது. காபரேற்றரின் உள்ளிருந்த சவ்வு பழைய பப்படம்போல விறைத்திருந்தது. காலம் ஒரு காரணம். இக்காலத்துப் பெற்றோலிலே கலக்கப்படும் எதனோல் மற்றொன்று. எதனோல் ஈரத்தை ஈர்க்கும், பழைய றப்பரைக் கெடுக்கும். ஆதலால் பழைய வாளுக்கு எதனோல் கலவாத பெற்றோலைத் தேடி வாங்குவதும், வேலை முடிந்தபின் தாங்கியை வெறுமையாக்கி வைப்பதும் நன்று. வாளின் முதுகிலே பதினாறு பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று எழுதியிருந்தது. அஃது அக்காலத்து எண்ணெய்க்குச் சொன்ன கணக்கு. இன்றைய எண்ணெய் நன்கு தேறியது; முப்பத்திரண்டுக்கு ஒன்றாகவே கலந்தோம்.

ஊரிலிருந்த திருத்தும் கடை ஒன்றுக்குப் போனபோது, வாளை மேசையிலே வைக்கவும் விடாமல், இதற்குச் சாமான் இல்லை, புதியதை வாங்குங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு மணி நேரக் கூலி வாளின் விலையைத் தாண்டிவிடும். சவ்வும் குழாயும் தபாலில் வந்தன. ஏறக்குறைய முப்பது டொலர் செலவு. சங்கிலி வாங்குவதற்கும் ஒரு கணக்குண்டு. அடுத்தடுத்துள்ள மூன்று ஆணிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து இரண்டாற் பிரித்தால் சங்கிலியின் அளவு கிடைக்கும். அதனோடு தகட்டின் தவாளிப்பின் அகலமும், உட்புறம் நீண்டிருக்கும் பற்களின் எண்ணிக்கையும் தெரிந்தால் போதும். வாளின் பெயர் எதுவாயிருந்தாலும் சங்கிலி கிடைக்கும். இந்தப் பொதுமைதான் பழைய வாள்களுக்கு ஆயுளைத் தந்தது.

ஆறாம் நாள் காலையிலே, ஒன்பதாம் இழுப்பில், வாள் நீலப் புகையைக் கக்கி உயிர்த்தது.

இனி அதன் பயனைச் சொல்லுவோம். பன்னிரண்டு அங்குலத் தகடுடைய இச்சிறு வாள் பெரிய மரத்தை வீழ்த்துவதற்கு ஆகாது. கையளவு, தொடையளவுக் கிளைகளைத் துண்டு போடுவதே அதற்குரிய வேலை. அதனை அது சலிக்காமல் செய்யும். மின்கலத்தால் ஓடும் இன்றைய சிறு வாள்கள் அதே வேலையைக் குறைந்த சத்தத்துடனும் புகையின்றியும் செய்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு கிளை வெட்டுபவருக்கு அதுவே மேல். ஆனால், 1998 ஜனவரியிலே கியூபெக்கின் மீதும் கிழக்கு ஒன்ராறியோவின் மீதும் உறைபனி மழை நாட்கணக்கிற் பெய்தது. மின்கம்பங்களும் மரங்களும் பனியின் பாரத்தால் முறிந்து வீழ்ந்தன. இலட்சக் கணக்கான வீடுகள் இருளிலும் குளிரிலும் கிடந்தன. சில இடங்களில் வாரக் கணக்காக மின்சாரம் வரவில்லை. அந்நாட்களில் வழியை அடைத்த மரத்தையும் அடுப்புக்கு வேண்டிய விறகையும் அறுத்தவை பெற்றோல் வாள்களே. எமது மூதாட்டி அந்தப் பதினேழு நாளையும் எண்ணிச் சொல்லுகிறார். இவ்வாள் அப்போது அவருடைய கணவரின் கையில் இருந்தது.

பணமாகப் பார்த்தால் இச்சிறு வாள்களுக்குப் பெரிய மதிப்பில்லை. இலட்சக் கணக்கிற் செய்யப்பட்டவை ஆதலால் அரிதல்ல. வீட்டு வாசலிலே பழம்பொருள் விற்போரிடம் இருபது, நாற்பது டொலர் என்று துண்டு ஒட்டிக் கிடப்பதைக் கண்டோம். சேகரிப்போர் தேடுவது பெரியவற்றையும், குறைந்த எண்ணிக்கையில் வந்தவற்றையுமே. ஆகவே பழைய சிறு வாளொன்றை வாங்கிச் செல்வராகலாம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

இப்பொழுது மைத்துனர் சொன்னதில் சரியான பாதிக்கு வருகின்றோம். எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏழாம் நாள் கிளைக் குவியலின் நடுவே நின்று நாம் அறுத்துக்கொண்டிருந்தோம். நான்கு துண்டு வெண்ணெய்போல விழுந்தது. ஐந்தாவது துண்டின் பின்னே மற்றொரு கிளை மறைந்து கிடந்ததை நாம் பார்க்கவில்லை. வாளின் மூக்கு, அதாவது தகட்டு நுனியின் மேற்பாதி, அக்கிளையைத் தொட்டது. தொட்டதும் வாள் எம் முகத்தை நோக்கி மேலே பாய்ந்தது. கண் இமைப்பதற்குள் என்பார்கள். நாம் இமைக்கவும் இல்லை. இடக்கை நேராக விறைத்து நின்றதாலும், தற்செயலாக ஒரு பக்கம் விலகி நின்றதாலும், சங்கிலி எமது இடத்தோளுக்கு மேலே காற்றை அறுத்துச் சென்றது. யந்திரத்தை நிறுத்தி மரக்குற்றியிலே உட்கார்ந்தோம். கை நடுங்கிற்று. ஐந்து முழத் தூரத்தில் மருமகன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நின்ற இடத்தில் நாமும், நாம் நின்ற இடத்தில் அவனும் இருந்திருந்தால் என்ற எண்ணமே அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை.

சுழலும் சங்கிலி மரத்தைக் கடிக்க முடியாமல் தடைப்படும்போது, அந்த வேகம் முழுவதும் வாளையே திருப்பி எறிந்துவிடுகிறது. இன்றைய பெற்றோல் வாள்களிலே முன்கைப்பிடியின் எதிரே ஒரு காப்பு உண்டு. வாள் துள்ளினால் அக்காப்பு முன்னே தள்ளுண்டு, விநாடியின் சிறு பங்கிலே சங்கிலியை நிறுத்திவிடும். ஸ்டீல் நிறுவனம் 1972 இலும், சுவீடனின் ஹஸ்க்வர்ணா நிறுவனம் 1973 இலும் இத்தகைய தடையைக் கொண்டுவந்தன. ஆனால் வீட்டு உபயோகத்துக்கான சிறிய மலிவு வாள்களுக்கு அது வந்து சேர ஆண்டுகள் பல சென்றன. எமது வாளிலே அது இல்லை. அதிர்வைத் தாங்கும் றப்பரும் இல்லை. நாள் முழுதும் பிடித்தால் விரல்கள் வெளுத்து உணர்விழக்கும் நோய் வரும். சங்கிலிக்கு எண்ணெய் விடுவதும் பெருவிரலால் அழுத்திக் கையாலே செய்ய வேண்டியது. நாம் முதல் நாள் மறந்து தகட்டைப் புகைய வைத்தோம்.

அன்று மாலை மைத்துனர் வாளை எடுத்துக் கராஜின் உயரத்தட்டிலே வைத்துவிட்டார். எம்மை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எமக்கு அதிகம் உறுத்திற்று. மறுநாள் மருமகனும் நாமும் அவரோடு உட்கார்ந்து பேசினோம். குவியலின் நடுவே நின்று அறுக்கும் வேலைக்குத் தடையுள்ள புதிய வாளொன்று வாங்குவது என்றும், பழைய வாள் விறகை மரக்குதிரையில் ஏற்றித் தனித்தனியே துண்டு போடுவதற்கு மாத்திரம் என்றும் முடிவாயிற்று. அதற்கும் துள்ளலைக் குறைக்கும் வகைச் சங்கிலியை மாற்றினோம். தலைக்கவசம், முகத்திரை, காது மூடி, சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் நார் பொதிந்த காற்சட்டை ஆகியவை வாளின் விலையைப்போல ஆறு மடங்கு செலவு வைத்தன. மருமகன் மாகாணத்திலே நடத்தப்படும் பயிற்சி வகுப்பொன்றை முடித்து வரும்வரை எந்த வாளையும் தொடுவதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்தான். ஆனால் அரம் போடுவது அவன் பொறுப்பு. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே சாய்வு, ஒரே எண்ணிக்கை என்று அவன் இருந்து தேய்ப்பதைப் பார்த்தால், எமது ஊர்ப் பழைய தச்சர்களின் நினைவு வருகிறது.

நாம் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலையிலே, மைத்துனர் மரக்குதிரையில் விறகு அறுத்துக்கொண்டிருந்தார். வேலியோரம் மூதாட்டி வந்து நின்றார். பழைய கணவரின் வாளொலியைக் கேட்டு மனம் நெகிழ்ந்து வந்தாராக்கும் என்று நாம் எண்ணி, யந்திரத்தை நிறுத்தச் சொன்னோம். அவர் சொன்னது வேறு. நாற்பது வருஷமாக அந்த மனிதர் ஞாயிறு காலையிலேதான் இதனை ஓட்டி அவருடைய தூக்கத்தைக் கெடுத்தாராம். தயவுசெய்து சனிக்கிழமையிலே அறுங்கள் என்றார். பின்பு வேலியின் மேலாகக் கையை நீட்டி இரண்டு துண்டு ஆஷ் விறகைத் தமது அடுப்புக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.